கண் சொருகுவதற்கு அந்தப் பட்டனும் ஒரு காரணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரவு நேர நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளில் ‘ஓட்டுநர் கண் அயர்ந்ததால்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. தூக்கம் கெட்டதுதான் முதல் காரணம். ஆனால் ஏசி பட்டன்களுக்கு நடுவே, கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட ரீசர்குலேஷன் பட்டனையும் கவனிக்க வேண்டும். பலர் கார் வாங்கிய அன்று அதை அழுத்தியதோடு சரி, விற்கும்வரை எடுப்பதில்லை, அதாவது அணைப்பதில்லை.

அது அழுத்தியிருந்தால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நான்கு பேர் உட்கார்ந்த மூடிய காரில் அரை மணிக்குள் அது 2,000ஐத் தாண்டிவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும், கண் சொருகும். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஐந்தாறு மணி நேரம் இப்படியே போகிறார்கள்.

வெயிலில் நின்ற கார் என்றால் முதலில் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு ரீசர்குலேஷனில் பத்து நிமிடம் ஓடினால் வேகமாகக் குளிரும். குளிர்ந்ததும் பட்டனை எடுத்துவிட்டு, ஃபேனை இரண்டில் வையுங்கள். புகை கக்கும் லாரிக்குப் பின்னால் சிக்கினால் மட்டும் மறுபடி அழுத்தலாம். அந்த இடம் தாண்டியதும் எடுக்க மறக்கக் கூடாது. வெளிக்காற்று வந்தால் குளிர் கொஞ்சம் குறையும், எரிபொருளும் சற்றே கூடும். ஓட்டுபவர் விழிப்பாக இருக்க அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மழையில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்வதும் அந்தப் பட்டன் அழுத்தியே இருப்பதால்தான். மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லை. பட்டனை எடுத்து, ஏசியை அணைக்காமல், காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளியும். வெளிப்புறம் படர்ந்தால் கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது என்று பொருள். குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

பட்டனை எடுத்தும் வெளிக்காற்று வரவில்லையா? அது நுழையும் வழியான, வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடையைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் அங்கே சருகு மக்கி, கை வைத்தால் ஈரச் சாணம் போல வரும். அடுத்தது கேபின் ஃபில்டர், அதாவது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் பகுதி. பல கார்களில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியான கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும். சில அடிப்படை மாடல்களில் ஃபில்டரே இருக்காது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்தால் இழை கிழிந்து தூசி நேராக உள்ளே வரலாம்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கிளட்ச், கியரோடு இந்தப் பட்டனையும் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும். கூடவே இன்னொன்றும்: இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் காருக்குள் தூங்கக் கூடாது. சைலன்சரில் கசிவு இருந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். பட்டன் எந்தப் பக்கம் இருந்தாலும், எந்த ஃபில்டர் போட்டிருந்தாலும் அது நிற்காது.

இப்படிக்கு,
கார் ஏசி மெக்கானிக்குகள், திருச்சி