வண்டி உங்களுடையது, போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

வண்ணார்பேட்டையில் நம் கடைக்கு நேஷனல் பெர்மிட் (லாரி வெளிமாநிலங்களுக்கு ஓட அனுமதி) வேலையாக வந்துபோகும் லாரி உரிமையாளர்கள் எல்லோருக்கும் இந்த மடல். விஷயம் ஒன்றுதான்: உங்கள் வண்டிக்குப் பதிந்திருக்கும் போன் நம்பர். ஆனால் அதில் எங்கள் தப்பும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2010க்கு முன்பே வண்டி வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எந்தெந்த மாநிலத்துக்கு ஓடப்போகிறோமோ அததற்குத் தனித்தனியாக டி.டி. (பேங்க் வரைவோலை) எடுக்க வேண்டும். பேங்கில் அரைநாள் போய்விடும். அந்த வருஷம் மே மாதம் முறை மாறி, ஒரே தொகை கட்டினால் நாடு முழுக்க ஓடலாம் என்று ஆனது. முதலில் 15,000 ரூபாய், பிறகு 16,500. அதுபோக நம் மாநிலத்துக்கு ஆத்தரைசேஷன் (வருஷா வருஷம் புதுப்பிக்கிற அனுமதி) கட்டணம் 1,000. இப்போது எல்லாமே அரசின் 'வாகன்' இணையதளத்தில்தான். நாங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசும் இல்லை, பெர்மிட் கொடுப்பவர்களும் இல்லை. உங்களுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விவரத்தை ஏற்றுகிறோம், பணத்தைக் கட்டுகிறோம், அவ்வளவுதான். அரசு ரசீதில் அரசுத் தொகை மட்டும் இருக்கும். எங்கள் கூலிக்குத் தனி பில் தருவோம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, தப்புக்கு வருகிறேன். ஆன்லைன் வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேட்டு உங்களை அழைப்போம். நீங்கள் தோப்பில் இருப்பீர்கள், இல்லை ஒரு கல்யாண வீட்டில். அலுத்துப்போய், பல வண்டிகளுக்குக் கடை நம்பரையே பதிந்து வைத்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிக் கிடக்கிறதே பழைய பட்டன் போன், அந்த நம்பர்தான். வேலை சட்டென்று முடிந்தது. நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள்.

போன வருஷம், பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிப் புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஓடும் ஒரு அண்ணாச்சி வண்டிக்கு அந்தப் பக்கத்தில் இ-சலான் (ஆன்லைன் அபராதச் சீட்டு) விழுந்தது. செய்தி வந்தது எங்கள் பட்டன் போனுக்கு. கடைப் பையன் ஏதோ விளம்பரம் என்று அழித்துவிட்டான். ஆத்தரைசேஷன் முடிகிற நாளில் பணம் கட்டப் போனால், சலான் பாக்கி என்று தளம் மறுக்கிறது. அபராதத்தைக் கட்டி, பாக்கி நீங்குவதற்குள் வண்டி ஓட முடியாமல் லோடு வாடிவிட்டது. அபராதத்தை நாங்களே கட்டினோம். வாடிப்போன முருங்கைக்காய்க்கு என்ன சொல்வது? அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே இனி எந்த வண்டிக்கும் கடை நம்பரைப் போடமாட்டோம். ஏற்கெனவே போட்டிருப்பதை உங்கள் நம்பருக்கு மாற்றித் தருகிறோம், கூலி வேண்டாம். ஆர்.சி.யும் ஆதாரும் எடுத்து வாருங்கள். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யில் இருக்கிறபடியே கேட்கும், ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது.

நம்பர் மாறியபின் செய்திகள் நேரே உங்களுக்கு வரும். அப்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சலான் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள், பேங்க் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அரசுத் தளத்தின் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்றுதான் முடியும். சந்தேகம் இருந்தால் போனைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

அப்புறம், பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நேஷனல் பெர்மிட் இருக்கிறதே என்று கேரளாவுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது. திரும்பும்போது சும்மா வருவானேன் என்று டிரைவர்கள் ஆசைப்படுவார்கள், சொல்லி வையுங்கள். சாதா லாரிக்கு 12 வயதும், இரண்டு அச்சுக்கு மேல் உள்ள மல்டி ஆக்ஸிலுக்கு 15 வயதும் தாண்டினால் இந்தப் பெர்மிட் கிடையாது. அதற்கு எங்களிடம் குறுக்குவழி எதுவும் இல்லை.

நம்பர் மாற்ற டிரைவரையோ கிளீனரையோ அனுப்ப வேண்டாம். ஆதாரோடு சேர்ந்த போன் யார் சட்டைப்பையில் இருக்கிறதோ அவரே வர வேண்டும். சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்