650 கிலோமீட்டருக்கு ஒரு கார்

ராணிப்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

போன வாரம் நீ தொலைபேசியில் காரைப் பற்றிப் பேச்செடுத்தபோது வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதால் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு நீ அனுப்பிய படங்களையும் விவரத் தாளையும் நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். உன் போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு, பத்தாண்டு ஓடிய பென்ட்லி கான்டினென்டல் ஜிடி என்ற நெடும்பயணச் சொகுசுக் கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டாய். கேட்ட கையோடு, "எனக்கு வயதாகிவிட்டது என்று நானே எழுதிக் கொடுப்பது போல இருக்கிறது அப்பா" என்றும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அந்த 911இன் மேல் உள்ள பற்று எங்கே முளைத்தது என்பதை நான் அறிவேன். சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை நான் கல்யாணத்துக்கு முன்பு தனியாகப் போய்ப் பார்த்தவன். 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் திறந்த பிறகு உன்னையும் அழைத்துக்கொண்டு போனேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு நின்றபோது, நீ மட்டும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, அது நடுங்குவதைக் கையால் உணர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னாளில் நாங்கள் ஜெர்மனியில் நீ இருக்கும் ஸ்டட்கார்ட் வந்தபோது, அம்மாவையும் பெட்டிகளையும் மாப்பிள்ளையின் வண்டியில் ஏற்றிவிட்டு என்னை உன் 911இல் உட்கார வைத்தாயே, அன்று சாலையில் கிடந்த ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு சரளைக் கல்லும் இருக்கை வழியாக என் முதுகுக்கு வந்து சேர்ந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் வளைவில் முன்பக்கம் இலேசாகத் திரும்புவதும், வெளியே வரும்போது பின்சக்கரங்கள் தரையை உதைத்துத் தள்ளுவதும் வேறெந்தக் காரிலும் அப்படிக் கிடைக்காது. 1963இல் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய நாளிலிருந்து அந்த அமைப்பைக் கைவிடாமல் திருத்தித் திருத்தியே இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை நீ விரும்பியது சரி. இன்றும் விரும்புவது சரி.

ஆனால் உன் சாலை மாறிவிட்டது, கண்ணு. மாப்பிள்ளைக்கு ஹாம்பர்க்கில் வேலை என்று ஆன பிறகு, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, அலுவலகம் முடிந்த கையோடு, பின்னிருக்கையில் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டு ஏறக்குறைய 650 கிலோமீட்டர் ஓட்டுகிறாய். சனிக்கிழமை மதியம் வரை காதுக்குள் இரைச்சல் நிற்பதில்லை என்றும், பிள்ளையோடு விளையாடத் தெம்பில்லை என்றும் நீயே சொன்னாய். ரயிலில் போகச் சொல்லுங்கள் என்கிறாள் அம்மா. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் உனக்கு மனம் அமைதிப்படும் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால், நான் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தோல் தொழிற்சாலையில் அசார்ட்டராக, அதாவது தோலைத் தரம் பிரிப்பவனாக, இருந்த காலத்தில், ஒரு முறை சென்னைக் கிடங்கில் இருந்த சரக்கைத் தரம் பிரிக்கப் போகச் சொன்னார்கள். விடியற்காலையில் முத்துக்கடையில் பேருந்து ஏறினேன். கிடைத்தது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை. அந்தக் காலத்துச் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டே போய் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வேலையில் உட்கார்ந்துவிட்டேன். கண் தெளிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மடித்தால் மேல்தோல் தொளதொளவென்று தனியே எழும்பும் லூஸ் கிரெய்ன் துண்டுகள் பலவற்றை முதல் தரத்தில் போட்டுவிட்டேன் என்பது, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. முதலாளி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எப்படிப் போனாய் என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை தன் கான்டெஸா காரையும் டிரைவரையும் அனுப்பினார். பெரிய வண்டி, நீள வண்டி, வேகம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிடங்கு வாசலில் இறங்கும்போது, வீட்டில் ஏறிய அதே கண்ணோடு நான் இறங்கினேன். அன்று மாலை வரை ஒரு துண்டு தவறவில்லை. ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை, ஆளின் கண்ணும் கையும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடக் கடினமான வேலை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நீ இப்போது வாங்க நினைக்கும் கார் அந்த இரண்டாவது வேலைக்கென்றே செய்யப்பட்டது.

ஜிடி என்பதன் விரிவான கிரான் டூரிஸ்மோ என்ற இத்தாலியப் பெயருக்கே பெரும் பயணம் என்றுதான் பொருள். 1951இல் லான்சியா கொண்டுவந்த ஆரேலியா பி20 ஜிடியை அந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே வந்த பென்ட்லி ஆர் டைப் கான்டினென்டல், நான்கு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியதாக இருந்தது. மொத்தமே 208 வண்டிகள்தான் செய்தார்கள். கடல் தாண்டி ஐரோப்பியக் கண்டத்து நெடுஞ்சாலைகளில் போவதற்காக வைத்த பெயர் அது. நீ பார்க்கும் வரிசை 2003இல் தொடங்கியது. இங்கிலாந்தில் கிரூ நகரில் செய்தாலும், போர்ஷேவைப் போலவே பென்ட்லியும் வோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே நீ உறவுமுறைக்குள்ளேயேதான் இடம் மாறுகிறாய்.

இரண்டு வண்டிகளின் விவரத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி உன் 911இல் 2,450 மி.மீ.; கான்டினென்டலில் 2,746 மி.மீ. அந்த முப்பது சென்டிமீட்டர் இடைவெளிதான், சாலையின் அலை வரும்போது வண்டி தலையாட்டுவதைக் குறைக்கிறது. இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று அடைத்த சஸ்பென்ஷன், எஞ்சின் உன் தலைக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் இருப்பது, கதவுக் கண்ணாடியின் தடிமன் என எல்லாம் சேர்ந்து உன் காதுக்கு ஓய்வு கொடுக்கும். எஞ்சின் விஷயத்தில், நீ பார்த்த இரண்டு வண்டிகளில் டபிள்யூ12 எஞ்சின் உள்ளதை விட்டுவிடு. பன்னிரண்டு சிலிண்டர் என்பது சொல்லிக்கொள்ளப் பெருமைதான். ஆனால் அது எஞ்சின் அறையை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், பல வேலைகளுக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டியிருக்கும். 4 லிட்டர் வி8 போதும். அது 507 குதிரைத்திறன் தருகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது எட்டில் நான்கு சிலிண்டர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு என்பது பனிக்காலத்தில் உனக்கு உதவும்.

இனி நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உன் 911 சுமார் 1,400 கிலோ. இது கிட்டத்தட்ட 2,300 கிலோ. அதே வேகத்தில் நிறுத்த வேண்டுமென்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.6 மடங்குக்கு மேல். வேகம் ஏறும்போது ஆற்றல் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 130இல் உள்ளதைவிட 200இல் அது இரண்டேகால் மடங்குக்கும் அதிகம். 911 தன் இரைச்சலாலேயே உனக்கு வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வண்டி சொல்லாது. மென்மையாகப் போகிறதே என்று இருப்பாய். முள்ளைப் பார்த்தால் 190 காட்டும். ஏலகிரியில் நீ முதன்முதலில் மாருதியை இறக்கியது நினைவிருக்கிறதா? புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்த அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொன்றுக்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி மலையில் பிரேக் கருகும் வாசனை வந்த பிறகுதான் நீ கேட்டாய். நமக்கு முன்னால் சுமையோடு இறங்கிய பேருந்து எவ்வளவு நிதானமாக, முன்கூட்டியே அடங்கிப் போனது என்று அன்று காட்டினேன். கான்டினென்டலை அந்தப் பேருந்து ஓட்டுநரைப் போல ஓட்டப் பழக வேண்டும். முதல் மாதம் பிள்ளையை ஏற்றாமல், தெரிந்த சாலையில், மழையிலும் ஒரு முறை ஓட்டிப் பார். இதை அப்பாவின் ஆணையாகவே எடுத்துக்கொள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பென்ட்லியின் விலைதான் இறங்கியிருக்கிறது, அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. காற்று சஸ்பென்ஷனின் ரப்பர்ப் பைகளுக்கு ஆயுள் உண்டு. ஒரு பையில் கசிவு என்றால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் கெடும். ஆகவே விற்பவரிடம் சொல்லி, ஓர் இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பார். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் திரும்பி வந்துவிடு. பனிக்கால டயர் செட் ஒன்று தனியாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இருக்கைத் தோலைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது. முப்பது வருடம் அதில்தான் என் கை ஊறியது. பென்ட்லிக்காரர்கள் வடக்கு ஐரோப்பாவின் காளைத் தோலைத்தான் எடுக்கிறார்கள். பசு கன்று போடும்போது வயிறு விரிந்து தோலில் வரி விழும். காளைக்கு அது இல்லை. குளிர் நாட்டில் ஈயும் உண்ணியும் குறைவு. முள்கம்பி இல்லாத மேய்ச்சல் என்றால் கீறலும் இருக்காது. நம் பக்கத்து மாட்டுத் தோலில் வண்டி நுகம் அழுத்திய தழும்பும், உண்ணிக் கடியும், சூட்டுக்கோல் வடுவும் பார்த்துப் பார்த்துத் தள்ளிய எனக்கு, மாசு மறுவில்லாத ஒரு முழுத் தோலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கடைசிவரை இருந்தது. அது உன் காரில் நிறைவேறினால் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் நீ அனுப்பிய படங்கள் எனக்குப் போதவில்லை. விற்பவர் தோலுக்கு ஏதோ எண்ணெய்ப் பூச்சுப் போட்டு மினுக்கியிருக்கிறார். நல்ல தோல் அப்படிப் பளபளக்காது, அடங்கிய மினுமினுப்பாகத்தான் இருக்கும். நேரில் போகும்போது வெள்ளைத் துணி ஒன்றை இலேசாக ஈரமாக்கி எடுத்துக்கொண்டு போ. ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரத் திண்டைப் பார். ஏறி இறங்கும்போதெல்லாம் உடல் உரசும் இடம் அதுதான். துணியால் துடைத்தால் நிறம் ஒட்டக் கூடாது. பிறகு கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தி முன்னே தள்ளு. விரலுக்கு முன்னால் மயிரிழை போல மெல்லிய சுருக்கங்கள் எழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் தோல் உயிரோடு இருக்கிறது. பருத்த மடிப்பாக எழுந்து நின்றாலோ, மேல் பூச்சு கண்ணாடி போலக் கீறலிட்டாலோ, வண்டி ஓடியதாகச் சொல்லும் கிலோமீட்டரை நம்பாதே; அந்த இருக்கையில் அதைவிட அதிகம் பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அந்தத் திண்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. விளக்கு வெளிச்சத்திலோ நேர் வெயிலிலோ எடுக்காதே. நாங்கள் தோலைத் தரம் பிரிப்பது எப்போதும் வடக்குச் சன்னல் ஓரத்தில், காலை வெளிச்சத்தில்தான். கதவைத் திறந்து, வண்டியின் அந்தப் பக்கத்தை வடக்கு நோக்கி நிறுத்தச் சொல்லி, கையெட்டும் தூரத்தில் இருந்து எடு. நான் பார்த்துச் சொல்லும் வரை முன்பணம் கொடுக்காதே.

பேரனுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா