சாஸுக்கு மார்க்கியின் பெயர், சமைத்தவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். பிரெஞ்சுப் பிரபுக்கள் பற்றியும் அவர்கள் பெயரில் வழங்கும் உணவுகள், மாளிகைகள் பற்றியும் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். என் தொழிலைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாகப் படிக்கக் கிடைத்ததில் மிகுந்த சந்தோஷம். ஆனால், வெண்ணெயில் வறுத்த மாவில் பால் சேர்த்துச் செய்யும் பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸைக் கண்டுபிடித்தவர் ஒரு மார்க்கி (இது ஒரு பிரபுப் பட்டம்) என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

லூயி த பெஷமெய் (1630–1703) நிதித் தொழிலில் பணம் சேர்த்தவர். நுவாந்தெல் என்ற ஊரின் மார்க்கி. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனையில் உணவு மேற்பார்வைப் பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில் அது காசு கொடுத்து வாங்குகிற பதவி. அவரே அடுப்படியில் நின்று வெண்ணெயில் மாவைக் கிளறினார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கொழுப்பில் மாவை வறுத்துச் சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்கும் முறையை, லா வரென் என்ற சமையற்காரர் 1651-லேயே தன் நூலில் எழுதிவிட்டார். அப்போது பெஷமெய்க்கு வயது 21.

லா வரெனுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். அவர் உக்செல் மார்க்கியின் வீட்டில் சமைத்தவர். இன்று நாங்கள் தினமும் செய்யும் காளான் கலவைக்குப் பெயர் 'துக்செல்'. காளானையும் சின்ன வெங்காயத்தையும் மிகப் பொடியாக அரிந்து வெண்ணெயில் போட்டால், முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அவசரப்படக் கூடாது. கரண்டியால் கோடு இழுத்தால் அந்தத் தடம் மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இதைக் கண்டது சமைக்கிற கை. பெயர் என்னவோ சாப்பிட்டவருடையது.

'மாத்தின்யோன்' என்ற காய்கறிக் கலவையும் இப்படித்தான். குழம்புக்கு மணமூட்டும் 'மிர்புவா' என்ற கலவைக்குக் காய்களைப் பெரிதாக வெட்டுகிறோம். சாறு இறங்கியதும் வடிகட்டி எடுத்துவிடுகிறோம். மாத்தின்யோனுக்கு அதே காய்களைச் சன்னமாக அரிந்து, சில சமயம் பன்றித்தொடை இறைச்சியும் சேர்த்து, வெண்ணெயில் வதக்கித் தட்டிலேயே பரிமாறுவோம். மிர்புவா ஒரு பிரபுவின் பெயர். மாத்தின்யோன் என்ற பெயரோ சமையலறையிலும் இருக்கிறது, பிரதமரின் வாசலிலும் இருக்கிறது. வரென் தெருவில் உள்ள ஓத்தெல் மாத்தின்யோன்தான் 1935 முதல் பிரெஞ்சுப் பிரதமரின் அலுவலகம்.

அந்த மாளிகையை 1722-ல் தெங்ரி இளவரசருக்காகக் கட்டத் தொடங்கியவர் ழான் கூர்தோன் என்ற கட்டடக் கலைஞர். செலவு கைமீறிப் போகவே, வேலை முடியும் முன்பே இளவரசர் அதை ழாக் த மாத்தின்யோனுக்கு விற்றுவிட்டார். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வரும் பாரம்பரிய தினங்களில் பொதுமக்களையும் உள்ளே விடுவார்கள் என்பதால் நானும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். முற்றத்துப் பக்க முகப்பின் மையமும் தோட்டத்துப் பக்க முகப்பின் மையமும் ஒரே கோட்டில் இல்லை. உள்ளே நடக்கும்போது அந்த விலகல் நமக்குத் தெரியவே தெரியாது. அறைகளை அவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கியிருக்கிறார் கூர்தோன். உங்கள் கட்டுரையில் மாத்தின்யோன் இருக்கிறார், தெங்ரி இளவரசரும் இருக்கிறார், கூர்தோன் மட்டும் இல்லை.

சூபீஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் பெயரும் அப்படித்தான், சாஸுக்கும் உண்டு, மாளிகைக்கும் உண்டு. வெங்காயத்தை நிறம் மாறாமல் வெண்ணெயில் வேகவைத்து, பெஷமெலுடன் கலந்து சல்லடையில் தேய்த்தால் அது சூபீஸ் சாஸ். பாரிஸின் மாரே பகுதியில் உள்ள சூபீஸ் மாளிகையின் பெரிய முற்றத்தை வடிவமைத்தவர் தெலமேர் என்ற கட்டடக் கலைஞர். மேலே, வெள்ளையும் தங்கமுமாக இருக்கும் முட்டை வடிவ வரவேற்பறை 1730-களில் பொஃப்ரான் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் அமைத்தது. 1808-ல் நெப்போலியன் அந்த மாளிகையை அரசு ஆவணக் காப்பகத்துக்காக வாங்கினார். இன்றும் அது தேசிய ஆவணக் காப்பகத்தின் இடம்தான்.

அப்புறம், ஒரு சிறு திருத்தம். பிரெஞ்சுப் புரட்சியோடு பிரபுப் பட்டங்கள் ஒரேயடியாக முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1790 ஜூன் 19 அன்று ஒழித்தார்கள், சரி. ஆனால் 1808-ல் நெப்போலியன் தன் பங்குக்குப் புதிய பிரபுக்களை உருவாக்கினார். மன்னராட்சி திரும்பியபோது பழைய பட்டங்களும் திரும்பின. 1848-ல் மறுபடி ஒழித்து, 1852-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். இன்றைய குடியரசு யாருக்கும் புதிதாகப் பட்டம் தருவதில்லை, பட்டத்துக்கென்று எந்தச் சலுகையும் கிடையாது. ஆனாலும் பரம்பரைப் பட்டம் உள்ளவர் அதை நிரூபித்தால், நீதி அமைச்சகம் அதைப் பதிவுசெய்து அங்கீகரிக்கிறது. பெயரோடு சேர்ந்த ஒன்றாகச் சட்டம் அதைக் காக்கிறது.

தொடரின் அடுத்த பகுதி பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகை பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை எவ்ரே கவுண்ட்டுக்காகக் கட்டியவர் அர்மான்-குளோத் மொல்லே. பின்னாளில் அங்கே குடியிருந்த, பதினைந்தாம் லூயியின் காதலியான மார்க்கீஸ் பொம்பதூரைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், நானும் ஆர்வமாகப் படிப்பேன். மொல்லேயின் பெயரையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெஷமெல் பகுதியைப் புத்தகமாகப் போடும்போது லா வரெனுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சமையற்காரர்,
பாரிஸ்.