கிணறு ஊறிவிட்டது: சீனாய்க்கு எங்களை அனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. கயிறு உரித்த உள்ளங்கைத் தோல் இன்னும் முழுதாக வளரவில்லை. அது ஆறின பிறகு ஆறுதலாக இருந்து எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் லண்டனில் எங்கே யாரைக் கண்டாலும் "கிணறு என்ன மாதிரி?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிணறு ஊறிவிட்டது.

இனி நன்றி. யாருடைய பெயரையும் போடவில்லை. சிலர் போட வேண்டாம் என்றார்கள். மலையில் எங்களோடு இருந்தவர்களிடம் கேட்டபோது அவர்களும் சிரித்துக்கொண்டே கையை அசைத்து மறுத்தார்கள். தங்களைத்தான் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதலில் மாமிக்கு. போன கோடையில் நாங்கள் ஏழு பேரும் எகிப்தின் தென் சீனாய்க்குப் போய், அங்குள்ள பெதூயின் குடும்பங்களின் மலைத்தோட்டக் கிணறு ஒன்றைத் தூர்வாரப் போகிறோம் என்று சொன்னபோது, எல்லோரும் "நல்ல விஷயம்" என்றீர்கள். மாமி மட்டும், "போக வர டிக்கெட்டுக்குக் கொட்டுகிற காசை அப்படியே அவர்களுக்கு அனுப்பினால் என்ன, உங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முதல் உறையையும் அவரே தந்தார். மண்வெட்டி பற்றிய பகுதி முழுக்கச் சரி. மற்றப் பகுதிக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரியும்.

நாங்கள் போன இடம் சென் கத்தரீன், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். பக்கத்தில் 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டுவித்த மடாலயம் இருக்கிறது. அதைக் காக்கவும் அங்கே பணிசெய்யவும் பால்கன் பக்கமிருந்தும் எகிப்திலிருந்தும் அவர் அனுப்பிய ஆட்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று ஜெபலியா என்ற அங்குள்ள பெதூயின் மக்கள் சொல்கிறார்கள். ஜெபல் என்றால் மலை. பெதூயின் என்றதும் மணல்மேட்டில் ஒட்டகத்தோடு அலைகிறவர்கள்தான் நம் மனதில் வருவார்கள். இவர்களோ ஆடு மேய்ப்பதோடு தோட்டமும் செய்கிறவர்கள். சிவந்த கருங்கல் மலைகளின் இடுக்கில் கல்மதில் கட்டி, அதற்குள் பாதாம், அத்தி, மாதுளை, திராட்சை, பேரி வளர்க்கிறார்கள். ஒட்டுக்கட்டுவதில் கைகாரர்கள்.

சுற்றுலா பெருகிய காலத்தில், 2,285 மீட்டர் உயரமான ஜெபல் மூசாவில் இரவிரவாக ஏறிச் சூரிய உதயம் பார்க்க வந்தவர்களுக்கு வழிகாட்டுவதும் ஒட்டகம் விடுவதும் ஆண்களுக்குத் தொழிலானது. தோட்டங்கள் இரண்டாம் இடத்துக்குப் போயின. பிறகு 2011இல் எகிப்தில் புரட்சி வந்தது. 2015 அக்டோபரில் ரஷ்யப் பயணிகள் விமானம் சீனாயில் விழுந்து 224 பேர் இறந்தார்கள். அதோடு இங்கிருந்து சீனாயின் கடற்கரைச் சுற்றுலா நகரான ஷாம் எல்-ஷேக்குக்குப் போன விமானங்களும் நின்றன. பிரிட்டன் அந்தத் தடையை எடுத்தது 2019 அக்டோபரில். சில மாதத்தில் கொரோனா. ஆள் வரவும் இல்லை, மழை பெய்கிற சீரும் இல்லை. பழையபடி தோட்டத்துக்குத் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது வெள்ளம் அடித்து வந்த கல்லும் மணலும் நிரம்பிய கிணறுகள்.

மாமி, காசை மட்டும் அனுப்பியிருந்தால் அது தர்மம். நாங்கள் போனதால் வழிகாட்டிக்கு ஒன்பது நாள் கூலி. மூன்று ஒட்டகத்துக்கும் கூலி. சமைத்தவருக்கு, சாரதிக்கு, மணிவேலைப் பைகள் தைத்த பெண்களுக்கு எல்லாம் வேலைக்கான காசு. விருந்தாளி வந்தால் அவர்கள் கையில் தொழில் இருக்கிறது. இதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு நெருப்படியில் உங்கள் கேள்வியை அப்படியே வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "காசு வந்தால் ஒருமுறை வரும். நீங்கள் வந்தால் உங்கள் அண்ணனும் வருவான்" என்றார். அண்ணா, கேட்டதா?

என் மனேஜருக்கு நன்றி, ஆண்டு முடிவுக் கணக்கு நேரத்தில் லீவு தந்ததற்கு. மருந்துப் பெட்டி கட்டித் தந்த டாக்டர் அக்காவுக்கு நன்றி. கொப்புளப் பிளாஸ்டர் இரண்டாம் நாளே முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. நெற்றி விளக்குகள் தந்த தம்பிமாருக்கும் நன்றி. அவற்றைத் திருப்பிக் கொண்டுவர மனம் வரவில்லை, அங்கேயே விட்டு வந்தோம்.

ஊரிலிருந்து தோட்டத்துக்கு வாகனம் போகாது. அபூ ஜீஃபா என்ற கணவாய் வழியாக நடந்துதான் ஏற வேண்டும். கயிறு, கப்பி, குழாய், மா, சீனி எல்லாம் ஒட்டகத்தின் மேல். எங்கள் பாரத்தையும் தன் பொறுமையையும் சேர்த்துச் சுமந்த ஒட்டகக்காரப் பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி. நாங்கள் மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், தானே களைத்துவிட்டதுபோல உட்கார்ந்து சுள்ளி பொறுக்கித் தேநீர் வைத்தார். எழுபது வயது இருக்கும். அவர் களைக்கவில்லை என்பது ஏழு பேருக்கும் தெரியும்.

இனி ஒரு மன்னிப்பு. "என் காசில் நல்ல மோட்டார் பம்ப் ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டு வா" என்று சொல்லித் தந்த அண்ணா கோபிக்கக் கூடாது. பம்ப் வாங்கவில்லை. தோட்டத்துக்காரர் வேண்டாம் என்றார். அந்த மலையில் கருங்கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கறுத்த எரிமலைப் பாறைக் கீற்றுகள் உண்டு. நிலத்தடியில் கசிந்து வரும் மழைநீர் அவற்றின் ஓரமாகத் தேங்கும். அதைப் பார்த்துத்தான் கிணறு வெட்டுவார்கள். ஊற்று மெதுவாகத்தான் வரும். "மெஷின் ஒரு மணித்தியாலத்தில் குடித்துவிடும். பிறகு அதுவும் நானும் சும்மா இருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றார். எனக்கு உடனே அம்மப்பா நினைவு வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்தபோது வாட்டர் பம்ப்பைச் சாக்கால் மூடி வைத்துவிட்டு மறுபடி துலாவுக்குப் போனவர் அவர். ஆற்றை அறியாத ஊர், கிணறுதான் எல்லாம். தோட்டத்துக்காரரிடம் துலாவை மணலில் கீறிக் காட்டினேன். அவர் கீறலை உற்றுப் பார்த்துவிட்டு "ஷாதூஃப்" என்றார். தன் தகப்பன் காலத்தில் இதே தோட்டத்தில் ஒன்று நின்றதாம். அரபு தெரியாத நானும் தமிழ் தெரியாத அவரும் அதன்பின் வெகுநேரம் கதைத்தோம். மொழிபெயர்க்க வந்தவரை மறந்தே போனோம்.

அண்ணா, உங்கள் காசு கிணற்றிலிருந்து நீர்த்தொட்டிக்குப் போகும் குழாய்க்கும், தோட்டத்துக்காரரின் இரண்டு மருமக்களுக்கான கூலிக்கும் போனது. ரசீது உண்டு.

வேலையைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் இறங்கித் தோண்டியவர்கள் அவர்கள். பழைய டயர் ரப்பரில் செய்த வாளியில் அவர்கள் நிரப்பியதை மேலே இழுத்துக் கொட்டியவர்கள் நாங்கள். முதல் நாள் ஐம்பதாவது வாளியோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். வெள்ளத்தில் சரிந்த மதிலில் ஒரு துண்டை நாங்களே கட்டினோம், படமும் எடுத்துக்கொண்டோம். (அந்தப் படத்தைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.) மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால், பெரியவர் அதைச் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஏதோ திருடும்போது பிடிபட்டவர்போல வெட்கப்பட்டார்.

நான்காம் நாள் பின்னேரம் வாளி வழக்கத்தைவிடப் பாரமாக வந்தது. உள்ளே கல் இல்லை, ஒரு கை அளவு கறுத்த சேறும் அதன் மேல் கொஞ்சம் கலங்கல் நீரும். கீழே இருந்தவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நாங்களாகவே பார்க்கட்டும் என்று விட்டார். எங்களில் ஒருத்தி அந்தச் சேற்றை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டாள். அன்றிரவு மாவைத் தட்டித் தணலுக்குள் புதைத்துச் சுடும் லிப்பா ரொட்டியும் ஆட்டிறைச்சியும். மரக்கறி மட்டும் சாப்பிடும் இரண்டு பேருக்காக, கேட்காமலே, தக்காளியும் வெங்காயமும் தனிச் சட்டியில் வந்தன. அதைச் சமைத்து மூன்று மணித்தியாலம் நடந்து கொண்டுவந்த அம்மாவை நாங்கள் காணவே இல்லை. மருமகன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கு இந்தக் கடிதம் போய்ச் சேராது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

சாப்பிட்டபின் கதைகள். எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா இந்த மலையில் அரண்மனை கட்ட ஆசைப்பட்டாராம். எந்தச் சிகரத்தின் காற்று நல்லது என்று பார்க்க ஒவ்வொன்றிலும் இறைச்சித் துண்டு தொங்கவிட்டு, கடைசியாக எது கெட்டதோ அங்கே வேலை தொடங்கினாராம். 1854இல் ஆள் போய்விட்டார், சுவர்கள் அரைகுறையாக இன்னும் நிற்கின்றன. இறைச்சி என்ன ஆனது என்று கேட்டேன். "எங்கள் ஆட்கள் காவலுக்கு இருந்தார்கள், பிறகென்ன கேள்வி" என்றார் ஒட்டகக்காரர்.

ஊருக்குள் சில ஆண்டுகளாக அரசு பெரிய சுற்றுலாக் கட்டடங்களை எழுப்புகிறது. அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். அவர்கள் என்னிடம் சொன்னதைப் பொதுவில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிச்சக் காசு கொஞ்சம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் தூர்ந்துதான் கிடக்கிறது. அதற்கு வைக்கலாமா என்று காசு தந்தவர்கள் சொல்லுங்கள். முழுக் கணக்கையும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பிழை கண்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை வழிகாட்டி குரற்செய்தி அனுப்பியிருந்தார். இன்னும் மழை இல்லை, ஆனாலும் நீர் ஆளின் நெஞ்சளவுக்கு நிற்கிறதாம். பின்னால் வாளி நீரில் விழும் சத்தத்தையும் பதிந்து அனுப்பியிருக்கிறார். கேட்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

கடைசியாக, குளிர் அங்கி தந்த அக்காவுக்கு. நவம்பர் மாத இரவில் அந்த மலையில் போத்தல் தண்ணீர் உறைந்தது, நான் உறையாததற்கு உங்கள் அங்கிதான் காரணம். இரண்டு தரம் தோய்த்துவிட்டேன். விறகுப் புகை மணம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நானே வைத்துக்கொள்கிறேன்.