ஒரு வட்டம்கூட இல்லாத தாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீயே கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். மற்ற வீட்டுக் கதைகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

"பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகமா? தாங்குவார்களா?" என்று கேட்டிருந்தாய். நன்றாகவே தாங்குகிறார்கள். நாம் நடத்திய முறைதான் அவர்களைத் தள்ளி நிறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது. தனிமொழி, அதாவது ஒரு பாத்திரம் தனக்குத்தானே பேசும் பேச்சு, வந்தால் அருஞ்சொற்பொருள், கருத்துச் சுருக்கம், உடனே அடுத்த காட்சி. இந்த வருடம் நான் பொருள் சொல்லவே இல்லை. தாளைக் கொடுத்து, 'நான்', 'என்', 'எனக்கு' என்று பொருள்படும் சொற்களை மட்டும் வட்டமிடச் சொன்னேன்.

முதல் அங்கத்துத் தனிமொழியில் 10 வட்டங்களுக்கு மேல் வந்தன. இளவரசன் ஹாம்லெட்டின் அப்பா இறந்திருக்கிறார், அம்மா சித்தப்பாவை மணந்துவிட்டாள், அவனால் வெளியே வாய் திறக்க முடியவில்லை. அதில் ஒரு மாணவி கண்டுபிடித்ததைக் கேள். அப்பா இறந்து இரண்டு மாதம் என்று ஆரம்பிக்கிறான். இல்லை, இரண்டுகூட ஆகவில்லை என்கிறான். கொஞ்ச நேரத்தில் ஒரே மாதத்துக்குள் என்கிறான். "கோபம் ஏற ஏற கணக்கு சுருங்குது சார்" என்றாள். இத்தனை வருடம் படித்தும் நான் அதை இப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் மூன்றாம் அங்கம், எல்லோருக்கும் தெரிந்த 'இருப்பதா, இல்லாமல் போவதா'. பென்சில்கள் சும்மா நின்றன. 30 வரிகளுக்கு மேல் ஓடும் பேச்சில் ஒரு 'நான்'கூட இல்லை. தான் காதலித்த ஒஃபீலியாவைப் பார்த்த பிறகுதான் 'என் பாவங்கள்' என்று வாயில் வருகிறது. அதுவரை எல்லாம் 'நாம்', 'நம்மை'. தமிழில் சொல்லிப் பார்த்தபோது இன்னும் தெளிவானது: அந்த இடத்தில் 'நாங்கள்' என்று போடவே முடியாது. கேட்டுக்கொண்டிருக்கும் நம்மையும் சேர்த்துக்கொண்டுதான் பேசுகிறான். தன் துக்கத்தைப் பற்றிப் பேச முடியாதவன் மனிதர் எல்லோரையும் பற்றிப் பேசுகிறானா, இல்லை தன் துக்கத்தைத் தாண்டிப் போய்விட்டானா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எனக்கு முதல் கட்சிதான் சரி என்று படுகிறது.

இன்னொரு பையன், போனவர் யாரும் திரும்பி வராத நாடு என்று மரணத்தைச் சொல்கிறானே, இவன் அப்பாவின் ஆவியே வந்து பேசியதே என்று மடக்கினான். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் அங்கத்தின் கடைசித் தனிமொழியை எடுக்கச் சொன்னேன். வந்தது பிசாசாகக்கூட இருக்கலாம் என்று ஹாம்லெட் சந்தேகப்படும் இடத்தை அவர்களே தேடிப் பிடித்தார்கள். அந்தச் சந்தேகம் போதுமா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

1603-இல் வந்த முதல் அச்சுப்பிரதியையும் காட்டினேன். அதில் 'அதுதான் கேள்வி' என்ற இடத்தில் 'ஆமாம், அதுதான் விஷயம்' என்பதுபோல் இருக்கிறது. அந்தப் பேச்சும் கதையில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. நாடகக் குழு ஊருக்கு வருவதற்கு முன்பே அவன் இப்படிப் பேசினால், பிறகு நாடகம் போட்டு, அப்பாவைக் கொன்றது ராஜாவான சித்தப்பா கிளாடியஸ்தானா என்று சோதிக்கத் துணிவது அவன் தேறி வருவதுபோல் தெரிகிறது. பின்னால் வைத்தாலோ, திட்டம் கையில் இருக்கும்போதே மனசு உடைகிறது. எனக்குப் பின்னால் வருவதுதான் பிடித்திருக்கிறது, வலி அதிகம் என்பதால்.

அடுத்த வாரம் கிளாடியஸ் ஜெபிக்கும் காட்சி. மண்டியிட்டவன் ஒரு தனிமொழி, பின்னால் வாளோடு நிற்பவன் ஒரு தனிமொழி. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. ஜெபம் பலித்துவிட்டது, இப்போது கொன்றால் சொர்க்கம் போய்விடுவான் என்று நினைத்து ஹாம்லெட் வாளை உறையில் போடுகிறான். அவன் போன பிறகு, தன் சொற்கள் மட்டுமே மேலே போயின, எண்ணம் கீழேயே நின்றுவிட்டது என்கிறான் ராஜா. இதை இரண்டு மாணவர்களை நிற்க வைத்து நடத்தட்டுமா, இல்லை முதலில் மௌனமாகப் படிக்க விடட்டுமா? நீ ஒருமுறை இந்தக் காட்சியை மேடையேற்றினாய் அல்லவா, அந்தக் குறிப்புகள் இருந்தால் அனுப்பு. கண்ணுக்குச் சிரமம் என்றால் போனில் சொன்னாலும் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்