குபோவுக்குப் பட்டம் சூட்டியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஜப்பான் கால்பந்து வீரர் தகேஃபுசா குபோவுக்கு சக வீரர் கவோரு மிதோமா அளவுக்குப் புகழ் இல்லை, 'ஜப்பானின் மெஸ்ஸி' பட்டம் பொய்த்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பட்டம் பொய்த்தது சரிதான். ஆனால் அதை அவரா கேட்டு வாங்கினார்?

2001இல் கவாசாகியில் பிறந்தவர் குபோ. பத்து வயதில் ஸ்பெயினின் பார்சிலோனா அணி நடத்தும் லா மாசியா என்ற சிறுவர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்ததுமே பத்திரிகைகள் அவரை மெஸ்ஸி ஆக்கிவிட்டன. சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று 2014இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பார்சிலோனாவைத் தண்டித்தது. அப்புறம் போட்டிகளில் ஆட முடியாத நிலையில், 2015இல் பையன் ஊர் திரும்பினான். 2019இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணி அவரை வாங்கியது. வாங்கி என்ன செய்தது? மாயோர்க்கா, வில்லாரியல், கெட்டாஃபே, மறுபடியும் மாயோர்க்கா என்று மூன்று சீசனும் வேறு அணிகளுக்கு இரவல்தான். தன் முதல் அணிக்காக ஒரு அதிகாரப்பூர்வப் போட்டியில்கூட இறக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்பே வந்த புகழ் அது. எப்படி ஆடினாலும் அதற்கு ஈடு கட்ட முடியாது.

மிதோமா நேர் எதிர். அவரும் சிறுவயதில் குபோவைப் போல கவாசாகி ஃப்ரொண்டாலே என்ற உள்ளூர் அணியில் பயிற்சி பெற்றவர்தான். ஆனால் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டு சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பந்தைக் கடத்திச் செல்லும் வித்தையைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்ததால், செய்ததெல்லாம் லாபக் கணக்கில் சேர்ந்தது.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுடனான ஜப்பானின் ஆட்டத்தைப் பாருங்கள். இடைவேளையில் குபோவை வெளியே அழைத்துக்கொண்டார்கள். மிதோமா, தோவான் இருவரும் உள்ளே வந்தார்கள். தோவான் கோல் அடித்துச் சமன் செய்தார். கோட்டைத் தாண்டப் போன பந்தை மிதோமா மயிரிழையில் திருப்பிவிட, தனகா வெற்றி கோலை அடித்தார். ஜப்பானில் அந்த 'ஒரு மில்லிமீட்டர்' பற்றிப் பேசாத ஆள் இல்லை. அடுத்து குரோஷியாவுடனான ஆட்டத்தில் குபோ உடல்நலமில்லாமல் ஆடவே இல்லை.

அதே சீசனில் இங்கிலாந்து அணியான பிரைட்டனுக்காக லிவர்பூலுக்கு எதிராக மிதோமா கடைசி நேரத்தில் அடித்த கோலை உலகமே பார்த்தது. காரணம், அது இங்கிலாந்துக் கால்பந்து. ரியல் மாட்ரிட்டை விட்டு ஸ்பெயினின் இன்னொரு அணியான ரியல் சோசியேடாடுக்குப் போன குபோ லீக்கில் 9 கோல் அடித்து, அணி நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனதை எத்தனை பேர் பார்த்தார்கள்? (உங்கள் கட்டுரையிலும் அது ஒரு வரிகூட இல்லை.) புகழ் கூடுவதும் குறைவதும் பாதி, எந்த லீக்கை எத்தனை நாடுகள் பார்க்கின்றன என்பதைப் பொறுத்தது. அதை வைத்து ஆட்டக்காரனை எடை போடலாமா?

இனி குபோவைப் பற்றி எழுதினால், வலது ஓரத்திலிருந்து இடது காலால் உள்ளே வெட்டி வரும் அவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதுங்கள். 'ஜப்பானின் மெஸ்ஸி' என்ற அடைமொழி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.