இருநூறு ரூபாய் பாக்கி

தர்மபுரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போன் செய்தால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்து ரைன் அருவிப் படங்கள் மூன்றும் வந்தன. 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம் என்று நீ கீழே எழுதியிருந்ததை டிப்போ எதிரே டீக்கடையில் படித்துக் காட்டினேன். உயரம் இவ்வளவுதானா என்று பழைய டிரைவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அகலத்தைப் பாரய்யா, தண்ணீரைப் பாரய்யா என்றேன். அருவியின் நடுவில் நிற்கும் பாறைக்குப் படகில் போய், படியேறி உச்சியில் நிற்கலாம் என்று சொன்னதும் மனிதர் அடங்கிவிட்டார். அன்று எல்லோருக்கும் டீ என் கணக்கு.

அந்த உச்சியில் நீ தனியாக நிற்கிறாய். மூன்று படத்திலும் தனியாகத்தான். காதையும் மூடவில்லை. உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி காதில்தான் இறங்கும். குளிரில் காதை மூடிக்கொள்.

மாப்பிள்ளை படம் எடுத்திருப்பார் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அப்படிப் படம் எடுக்கிறவர்கள் இல்லையே.

பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். "மாமா, இத்தனை வருடம் நோட்டு எண்ணியிருக்கிறீர்கள், பின்பக்கம் இருக்கிற ஊர்களில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா?" எனக்குச் சுருக்கென்றது. கண்டக்டர் எச்சிலைத் தொட்டு எண்ணுவானா, திருப்பிப் பார்த்து ரசிப்பானா? ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை. கல்யாணமான கையோடு நீங்களே கிளம்பிவிட்டீர்கள். பத்து ரூபாய்க்குக் கோனார்க் சக்கரம், இருபதுக்கு எல்லோரா, ஐம்பதுக்கு ஹம்பி கல்தேர், நூறுக்குக் குஜராத்துப் படிக்கிணறு, ஐந்நூறுக்குச் செங்கோட்டை. ஒவ்வொரு இடத்திலும் அந்த நோட்டை இருவருமாகப் பிடித்து ஒரு படம். ஒரு ஓரத்தில் உன் வளையல், மறு ஓரத்தில் அவர் கைக்கடிகாரம்.

ஹம்பிப் படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தேருக்கு முன்னால் இரண்டு கல் யானைகள். நோட்டைப் பிடித்த உன் கட்டைவிரலில் மருதாணி இன்னும் போகவில்லை. படிக்கிணற்றில் நீ கால் வலிக்கிறதென்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். உன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் நிற்கிறார், முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. ராணி உதயமதி தன் கணவன் நினைவாகக் கட்டிய கிணறு என்று நீதான் எழுதியிருந்தாய். பாப்பாவைப் பற்றி இனிக் கவலையில்லை என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன்.

சரி, வேலை இருக்கும். ஆளுக்கொரு ஊரில் வேலை என்றுகூட இருக்கலாம். நாற்பது நாளாகப் படம்தான் வருகிறது, மீட்டிங் என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. பெற்றவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று நினைக்காதே. படித்த பிள்ளை, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு.

கூடத்தில் மாட்டியிருக்கிறதே, ஒகேனக்கல்லில் அம்மா தனியாக நிற்கும் படம், அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா அப்போது டிக்கெட் வாங்கப் போயிருந்தார் என்று நீ கேட்டபோதெல்லாம் சொன்னோம். நான் டிக்கெட் வாங்கப் போகவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். பரிசலில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பரிசல்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டார். பேரம் பேசினேன், படியவில்லை. பரவாயில்லை, கொடுத்துவிடலாம் என்றாள். அவ்வளவுதான். உன் அப்பன் வீட்டுப் பணமா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு முன்பே படக்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தோம். பணம் வீணாகக் கூடாதென்று அவள் மட்டும் நின்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள் என்றுதான் நீ நினைத்திருப்பாய். பென்னாகரம் தாண்டும் வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதன்பிறகு அதே ரூட்டில் எத்தனை வருடம் ஓடினேன். புதுமாப்பிள்ளை, புதுப்பெண் என்று எத்தனை ஜோடிக்கு டிக்கெட் கிழித்தேன். வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அவளை மறுபடி கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், தனியாக நிற்கும் படம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைமேல் தப்போ உன்மேல் தப்போ, நான் கேட்கவில்லை. எனக்குப் பஞ்சாயத்து சொல்ல யோக்கியதையும் இல்லை. பேசாமல் இருக்கும் நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டே போகாதே. நாங்கள் பதினோரு நாள் பேசவில்லை.

போன வாரம் அம்மாவிடம், ஒகேனக்கல் போய்வரலாமா என்று கேட்டேன். புளியை உருட்டிக்கொண்டே, "நீர்வரத்து அதிகம், பரிசல் நிறுத்தியிருக்கிறார்கள், பேப்பரில் போட்டிருந்தது" என்றாள். அதுவரை பேப்பரில் அவள் அதையெல்லாம் பார்ப்பாள் என்றே எனக்குத் தெரியாது.

இருநூறு ரூபாய் பாக்கி இருக்கிறது உங்களுக்கு. சாஞ்சி ஸ்தூபி. மடிக்காத நோட்டு ஒன்றை அம்மாவின் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். இந்தக் கவரில் வைக்கவில்லை, தபாலில் பணம் வைக்கக் கூடாது. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம். குளிரில் காதை மூடிக்கொள்.

வருவதற்கு முன்னால் எத்தனை டிக்கெட் என்று மட்டும் எழுது. அது நான் ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்விதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்று என்றாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பேன்.

அப்பா